குடியுரிமை என்னும் நான்காவது தேர்வு

அமெரிக்காவில் வழக்கறிஞர் ஆக விரும்புபவர் முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பும் அதன்பின் மூன்றாண்டுச் சட்டப்படிப்பும் முடிக்க வேண்டும். பிறகு மாநிலம் நடத்தும் பார் தேர்வில் தேற வேண்டும். அதற்கும் பிறகு அவருடைய நடத்தை, கடன், வழக்கு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரு குழு துருவிப் பார்க்கும். அந்தக் குழு பரிந்துரைத்தால் மாநில நீதிமன்றம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு அவரைப் பட்டியலில் சேர்க்கும். இந்தியாவில் பார் கவுன்சிலில் என்ரோல் ஆவதற்கு நிகரானது இது. ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பதிவு, தனி விதி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த மூன்றோடு நான்காவதாக ஒரு நிபந்தனையும் பல மாநிலங்களில் இருந்தது: விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். வேறு நாட்டில் பிறந்து அங்கே போய்ச் சட்டம் படித்த மாணவர்களின் வரலாறு பெரும்பாலும் இந்த நிபந்தனையோடு அவர்கள் மோதிய வரலாறுதான். படிப்பில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்களாக இருக்கவில்லை. தேர்வில் தேறிவந்த பிறகே தடுக்கப்பட்டார்கள்.

குடியுரிமை யாருக்கு உண்டு என்பதை 1790 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை கோரலாம் என்றது அது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870 இல், ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர் இரண்டு பட்டியலிலும் இல்லை. ஜெர்மனியிலிருந்தோ அயர்லாந்திலிருந்தோ வந்த மாணவருக்குக் குடியுரிமை என்பது சில ஆண்டுக் காத்திருப்பு. சீனாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தவருக்கு அது எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் கிடைக்காத ஒன்று. ஆகவே வழக்கறிஞர் தொழிலுக்குக் குடியுரிமை வேண்டும் என்ற விதி, நிறத்தைப் பெயர் சொல்லாமலே, ஆசியருக்கு அந்தத் தொழிலை மூடிவிட்டது.

இதை முதலில் நேர்கொண்டவர்களில் ஒருவர் ஹாங் யென் சாங். 1872 இல், 13 வயதில், கல்வித் திட்டம் ஒன்றின்கீழ் அவர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1854 இல் பட்டம் பெற்ற யுங் விங், சீன அரசை இசைய வைத்து ஏற்பாடு செய்த கல்வித் திட்டம் அது. ஆண்டுக்கு 30 பேராக நான்கு ஆண்டுகளில் 120 சிறுவர்கள் அனுப்பப்பட்டார்கள். திட்டத்தின் தலைமையகம் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்தது. சிறுவர்கள் நியூ இங்கிலாந்துக் குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். நீண்ட அங்கியும் பின்னல் சடையுமாக வந்து இறங்கியவர்கள் சில ஆண்டுகளில் பேஸ்பால் அணி வைத்து விளையாடும் அளவுக்கு ஊரோடு கலந்தார்கள். அந்தக் கலப்பே பீக்கிங்கிலிருந்த அதிகாரிகளைக் கலங்க வைத்தது. 15 ஆண்டுகளுக்கென்று வகுத்த திட்டத்தை 1881 இல் பாதியில் நிறுத்தி, மாணவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது சீன அரசு.

அப்போது யேலில் படித்துக்கொண்டிருந்த சாங்கும் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. ஆனால் அவர் தம் முயற்சியில் மீண்டும் அமெரிக்கா வந்து, கொலம்பியா சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1886 இல் பட்டம் பெற்றார். இதற்கிடையே, 1882 இல், சீனர் விலக்குச் சட்டம் நிறைவேறியிருந்தது. சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்த அந்தச் சட்டம், எந்த நீதிமன்றமும் சீனர் ஒருவருக்குக் குடியுரிமை வழங்கக் கூடாது என்றும் சொன்னது. நியூயார்க்கில் சாங்கைத் தேர்வு செய்தவர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்தார்கள். நீதிமன்றம் குடியுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பியது. அவர் விடவில்லை. 1887 இல் நியூயார்க் நீதிபதி ஒருவர் அவருக்குக் குடியுரிமைச் சான்று வழங்கினார். சாங் மறுபடி விண்ணப்பிக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றை மாநிலச் சட்டமன்றம் இயற்றியது. ஒரு தனி மாணவனுக்காகச் சட்டமன்றம் இறங்கி வந்தது அந்தக் காலத்தில் சிறிய காரியமில்லை. 1888 இல் சாங் நியூயார்க்கில் வழக்கறிஞரானார்.

அடுத்து அவர் நோக்கியது கலிஃபோர்னியாவை. சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் திரளாக வாழ்ந்தார்கள். அவர்கள்மீது வழக்குகளும் கெடுபிடிகளும் ஓயாமல் இருந்தன. அவர்கள் மொழி பேசும் வழக்கறிஞர் இல்லை. வேறு மாநிலத்தில் பதிவு பெற்றவர் என்ற முறையில் 1890 இல் சாங் விண்ணப்பித்தார். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் தகுதியைப் பற்றி எந்தக் குறையும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த குடியுரிமைச் சான்றைத்தான் எடுத்துப் பார்த்தது. சீனர் விலக்குச் சட்டத்துக்குப் பிறகு வழங்கப்பட்ட அந்தச் சான்று செல்லாது. சான்று செல்லாது என்றால் இவர் குடிமகன் இல்லை. குடிமகன் இல்லை என்றால் வழக்கறிஞர் ஆக முடியாது. அத்தோடு முடிந்தது. சாங் பின்னர் வங்கியில் பணியாற்றினார், சீனத் தூதரகங்களில் பொறுப்பு வகித்தார், 1926 இல் பெர்க்லியில் காலமானார். அவர் போய்ச் சேர நினைத்த மக்களுக்கு வழக்கறிஞராக நிற்கும் வாய்ப்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து வாஷிங்டன் மாநிலத்தில் அதே கதை நடந்தது. டாகுஜி யமாஷிதா ஜப்பானிலிருந்து இளவயதில் வந்தவர். டகோமா நகரில் உயர்நிலைப் பள்ளியை இரண்டே ஆண்டில் முடித்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் 1902 இல் பட்டம் பெற்றார். பார் தேர்விலும் தேறினார். அவருடைய பதிவை மாநில அரசின் தலைமை வழக்கறிஞரே எதிர்த்தார். ஜப்பானியருக்குக் குடியுரிமை கிடையாது என்பதே வாதம். யமாஷிதா வேறு யாரையும் அமர்த்தவில்லை. தம் வழக்கில் தாமே எழுத்து வாதத்தைத் தயாரித்து அளித்தார். இன்னாருக்குப் பிறந்தார் என்பதை வைத்து ஒருவரைத் தொழிலிலிருந்து விலக்குவது, சுதந்திரத்தை உயிராகச் சொல்லிக்கொள்ளும் நாட்டுக்குத் தகாது என்பது அவர் வாதத்தின் சாரம். புதிதாகச் சட்டம் படித்து வந்த ஒரு மாணவர் எழுதியது அது. நீதிமன்றம் அவருடைய திறமையை மறுக்கவில்லை; விண்ணப்பத்தைத் தள்ளியது. அவர் உணவகமும் தங்கும் விடுதியும் நடத்திப் பிழைத்தார், சிப்பி வளர்த்தார். 1922 இல் ஜப்பானியர் நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் மீண்டும் தோற்றார். இரண்டாம் உலகப் போரின்போது மற்ற ஜப்பானியரோடு முகாமில் அடைக்கப்பட்டார். 1959 இல் ஜப்பானில் இறந்தார்.

இந்த வரிசையில் இந்தியர் ஒருவரின் கதை வேறுவிதமாக முடிந்தது. சகாராம் கணேஷ் பண்டிட் 1914 இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் குடியுரிமை பெற்றவர். வட இந்தியாவின் உயர்சாதி இந்து, இனத்தால் வெள்ளையர் வகையைச் சேர்ந்தவர் என்ற வாதத்தை அன்றைய நீதிபதி ஏற்றார். அந்த வாதத்தின் அடியில் சாதிப் பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு விலக்கிலிருந்து தப்ப இன்னொரு விலக்கைத் துணைக்கு அழைத்த வாதம் அது. அரசு அப்போது மேல்முறையீடு செய்யவில்லை. 1917 இல் பண்டிட் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞரானார். பஞ்சாபிலிருந்து வந்த பகத் சிங் திந்த்தின் குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அவருக்காக நின்றவரும் இவரே. 1923 பிப்ரவரியில் அந்த வழக்கு தோற்றது. இந்தியர் வெள்ளையர் ஆகார் என்று நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்து அதைப் பறிக்க அரசு வழக்குகள் தொடுத்தது. பண்டிட்டும் அதில் சிக்கினார். இம்முறை அவர் இனத்தைப் பற்றிப் பேசவில்லை. 1914 இல் இதே கேள்வி நீதிமன்றத்தில் கேட்கப்பட்டு முடிந்துவிட்டது. அரசு அன்று மேல்முறையீடு செய்யாமல் விட்டது. அந்தத் தீர்ப்பை நம்பி வீடு வாங்கி, மணம் முடித்து, தொழில் நடத்தி வருகிறேன். குடியுரிமை போனால் வழக்கறிஞர் பதிவும் சேர்ந்து போகும் என்றார். ஒருமுறை தீர்ந்த வழக்கை மறுபடி கிளற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1926 இல் ஏற்றுக்கொண்டது. 1927 இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதன்பின் மற்ற இந்தியர்கள்மீதான வழக்குகளையும் அரசு கைவிட்டது. பதிவு பெற்ற ஒரே ஒருவர் உள்ளே இருந்ததால் வெளியே எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதற்குப் பண்டிட்டின் வழக்கே சான்று.

ஜப்பானியரான செய் ஃபூஜி 1911 இல் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தவர். பதிவு கிடைக்காது என்று தெரிந்ததால் வேறு வழி கண்டார். உடன் படித்த வெள்ளைய நண்பர் ஜே. மேரியன் ரைட் நீதிமன்றத்தில் வாதாடுவார். பின்னாலிருந்து வழக்கைத் திரட்டித் தருபவர் ஃபூஜி. லாஸ் ஏஞ்சலிஸில் ஜப்பானியர் மருத்துவமனை அமைக்கும் உரிமையை இந்த இணை 1928 இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. நில உரிமைத் தடைச் சட்டத்தை 1952 இல் கலிஃபோர்னியாவிலேயே வீழ்த்திய வழக்கும் ஃபூஜி பெயரில் நடந்ததுதான். வழக்கறிஞர் என்று பெயர்ப் பலகை மாட்ட முடியாத ஒருவர், பலகை மாட்டிய பலரைவிட அதிகமாக மாநிலத்தின் சட்டத்தை மாற்றினார்.

இனத் தடை படிப்படியாக நீங்கியது. சீனா போரில் நேச நாடானதால் 1943 இல் சீனருக்கும், 1946 இல் இந்தியருக்கும் பிலிப்பினோக்களுக்கும் குடியுரிமை திறந்தது. 1952 ஆம் ஆண்டுச் சட்டம் இனம் என்ற தடையையே எடுத்துவிட்டது. ஆனால் குடியுரிமை இருந்தால்தான் வழக்கறிஞர் என்ற விதி அப்படியே நின்றது. இந்தியாவிலும் 1961 ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் குடியுரிமையைத்தான் கேட்கிறது. இந்தியருக்கு இடம் தரும் நாட்டின் குடிமக்களுக்கு மட்டும் விலக்கு தருகிறது. எனவே அமெரிக்கா மட்டும் இப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

விதியை உடைத்தவர்கள் ஐரோப்பியர்கள். 1972 இல் இத்தாலியரான ரஃபாயெல்லியின் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், தன் மாநிலத்தின் குடியுரிமை நிபந்தனையை நீக்கியது. அடுத்த ஆண்டு நாடு முழுவதற்குமான தீர்ப்பு வந்தது. ஃப்ரே லெ பூல் கிரிஃபித்ஸ் நெதர்லாந்துக்காரர். 1965 இல் வந்தவர், அமெரிக்கரை மணந்தவர், யேலில் சட்டம் படித்தவர். விரும்பினால் குடியுரிமை பெற்றிருக்கலாம். நெதர்லாந்துக் குடியுரிமையை விட அவருக்கு மனமில்லை. கனெக்டிகட் மாநிலம் அவரைப் பார் தேர்வு எழுதவே விடவில்லை. வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அலுவலர். சம்மனில் கையெழுத்திடுகிறார், பிரமாணம் எடுக்க வைக்கிறார். ஆகவே அரசின் பங்காளி, வேற்று நாட்டுப் பற்று உள்ளவரிடம் அதை ஒப்படைக்க முடியாது என்று மாநிலம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1973 ஜூனில் 7–2 என்ற பெரும்பான்மையில் இதை நிராகரித்தது. நீதிபதி பவல் எழுதிய தீர்ப்பு, வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக நிற்பவர், அரசு அதிகாரி ஆகிவிட மாட்டார் என்று தெளிவாக்கியது. சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவரைக் குடியுரிமையைக் காட்டி விலக்குவது அரசமைப்பின் சமத்துவ உறுதிக்கு எதிரானது என்றது. சீனச் சிறுவர்கள் சடையோடு வந்து இறங்கிய அதே மாநிலத்திலிருந்து எழுந்த வழக்கு இது.

முன்பு தள்ளப்பட்டவர்களுக்கான திருத்தம் மிகத் தாமதமாகவே வந்தது. யமாஷிதாவை வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 2001 மார்ச்சில் வழக்கறிஞராக ஏற்றது. சாங்குக்காகக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் சட்டப் பள்ளி மாணவர்கள் தங்கள் பேராசிரியரோடு சேர்ந்து மனுப் போட்டார்கள். 2015 மார்ச்சில் நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்றது. ஃபூஜிக்கு 2017 இல் கிடைத்தது. மூவரும் அப்போது உயிரோடு இல்லை. இறந்தவருக்கு இதனால் பயன் இல்லை என்பது உண்மை. ஆனால் 1890 ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றத்தின் ஏட்டிலேயே பதிவாவது அவசியமாக இருந்தது.

இதற்குள் புதிய தலைமுறை ஒன்று கதவடியில் நின்றது. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் கூட்டிவந்த, விசா ஆவணம் இல்லாத பிள்ளைகள் அவர்கள். 1982 இல் டெக்சாஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 5–4 பெரும்பான்மையில், அத்தகைய குழந்தைகளையும் அரசுப் பள்ளிகள் சேர்க்க வேண்டும் என்றது. பள்ளி திறந்தது, அதற்கு அப்பால் எதுவும் உறுதியில்லை. கல்லூரிக்கு மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ கிடையாது. 1996 ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஒன்று, மாநிலங்கள் வழங்கும் தொழில் உரிமங்களையும் இவர்களுக்கு மறுத்தது. மாநிலச் சட்டமன்றம் அதற்குப் பிறகு வெளிப்படையாகச் சட்டம் இயற்றினால் மட்டும் வழங்கலாம் என்ற ஒரு வாசகம் அதில் இருந்தது. யாரும் அன்று பெரிதாகக் கவனிக்காத அந்த வாசகத்தில்தான் பின்னாளில் எல்லாம் தொங்கியது.

செர்ஹியோ கார்சியா 17 மாதக் குழந்தையாக மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். சிறுவயதில் திரும்பிப் போய், 17 வயதில் 1994 இல் மீண்டும் வந்தார். விவசாயக் கூலியான தந்தை அதே ஆண்டில் மகனுக்காகக் குடியேற்ற விசாவுக்கு மனுச் செய்தார். 1995 இல் மனு ஏற்கப்பட்டது. ஆனால் நாட்டுக்கு இத்தனை விசா என்ற வரம்பு இருப்பதால், ஏற்கப்பட்ட மனு வரிசையில் நின்றது. வரிசை நகரக் காத்திருந்த காலத்தில் கார்சியா கடையில் வேலை பார்த்து, சமுதாயக் கல்லூரியில் படித்து, சிக்கோ நகரின் சட்டப் பள்ளியில் 2009 இல் பட்டம் பெற்று, அதே ஆண்டு பார் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார். கலிஃபோர்னியாவின் பார் தேர்வு நாட்டிலேயே கடினமானவற்றுள் ஒன்று. பதிவுப் படிவத்தில் குடியேற்ற நிலை பற்றிய கேள்விக்கு அவர் பொய் எழுதவில்லை. நிலுவையில் உள்ளது என்று குறித்தார். நன்னடத்தை பார்க்கும் குழு அவரைத் தகுதியானவர் என்றது.

2012 மே மாதத்தில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இவரை ஏன் சேர்க்க வேண்டும் என்று விளக்கம் கேட்டது. மத்திய அரசின் நீதித்துறை 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி எதிர்த்தது. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் கார்சியா பக்கம் நின்றார். 2013 செப்டம்பர் விசாரணையில் நீதிபதிகளின் கேள்விகள் சட்டமன்றத்தின் பக்கம் கைகாட்டுவதாக இருந்தன. சட்டமன்றம் புரிந்துகொண்டது, சில நாட்களிலேயே மசோதா நிறைவேறியது, அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்டார், 2014 ஜனவரி 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே நீதிமன்றம் ஒருமனதாகக் கார்சியாவை ஏற்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டானி கான்டில்-சகாவுயேயும் விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆவணம் இல்லாமல் நாட்டில் இருப்பது ஒன்றே வழக்கறிஞராகத் தகுதிக் குறைவு ஆகாது என்றது தீர்ப்பு. 1994 இல் தந்தை தொடங்கிய மனுவுக்குக் கிரீன் கார்டு 2015 இல் வந்தது.

ஃப்ளோரிடாவில் அதே நிலையிலிருந்த ஹோசே கோதினெஸ்-சாம்பெரியோவுக்கு 2014 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது, அங்கே மாநிலச் சட்டம் இல்லை என்பதால். நீதிபதி ஹோர்ஹே லபார்கா வேறு வழியின்றி உடன்பட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். தாமும் கியூபாவிலிருந்து சிறுவனாக வந்தவர், கியூபர் என்பதால் வரவேற்கப்பட்டவர். எதிரே நிற்கும் இளைஞர் மெக்சிகோவிலிருந்து வந்ததால் தடுக்கப்படுகிறார், இது அநீதி என்று ஏட்டிலேயே பதிந்தார். இரண்டு மாதத்தில் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆண்டு முடிவதற்குள் அவர் பதிவு பெற்றார். நியூயார்க்கில், இவர்களைப் போலவே ஆவணம் இல்லாத செசார் வார்காஸின் வழக்கில் 2015 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஓரடி மேலே போனது: வழக்கறிஞர்களைச் சேர்ப்பது நீதிமன்றத்தின் அதிகாரம், எனவே சட்டமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றது. இல்லினாயும் அந்த ஆண்டில் சட்டம் இயற்றியது. எல்லா மாநிலங்களும் இந்த வழியில் வரவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களை விலக்கிய லூசியானாவின் விதியை 2005 இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லியிருந்தது.

உரிமம் கிடைப்பதும் வேலை கிடைப்பதும் வேறு வேறு. பணி அனுமதி இல்லாதவரை எந்தச் சட்ட நிறுவனமும் ஊழியராக அமர்த்த முடியாது. 2012 ஜூனில் வந்த டாக்கா திட்டம், சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் தள்ளிவைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பணி அனுமதியும் தந்தது. அந்தத் திட்டத்தை ரத்து செய்ய அரசு முயன்ற வழக்கு 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அதைக் காக்க நின்ற வழக்கறிஞர்களின் மேசையில் லூயிஸ் கோர்ட்டேஸ் ரொமேரோ அமர்ந்திருந்தார். அவரே டாக்கா பெற்றவர். வழக்கு தோற்றால் அவருடைய பணி அனுமதியும் போகும். 2020 ஜூனில் 5–4 பெரும்பான்மையில் ரத்து முயற்சி முறையற்றது என்று தீர்ப்பானது.

சென்னை, மதுரை, கொழும்பு போன்ற ஊர்களிலிருந்து போகும் மாணவர்களின் பாதை இதிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலோர் ஊரிலேயே சட்டப் பட்டம் முடித்து, எஃப்-1 விசாவில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்கச் செல்கிறார்கள். நியூயார்க் அந்தப் படிப்பின் அடிப்படையில் பார் தேர்வு எழுத விடுகிறது. சொந்த நாட்டில் ஏற்கெனவே பதிவு பெற்றவரைக் கலிஃபோர்னியா மேற்படிப்பு கேட்காமலே எழுத விடுகிறது. தேர்வில் தேறினால் உரிமம் கிடைப்பதில் குடியுரிமைத் தடை இல்லை. சிக்கல் விசாவில் வருகிறது. படிப்புக்குப் பின் வேலை பார்க்கச் சட்ட மாணவருக்கு 12 மாதமே அனுமதி. அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குள்ள நீட்டிப்பு இவர்களுக்குப் பொருந்தாது. அதற்குள் ஒரு நிறுவனம் முன்வந்து எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புள்ள அந்த விசா பெரும்பாலும் குலுக்கலில் தீர்மானமாகிறது. குலுக்கலில் பெயர் வராதவர், நியூயார்க் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஊர் திரும்புகிறார்.